நாலு பேர் என்ன சொல்வார்கள்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கிறது திருவாண்டார்கோயில். பழைய பெயர் வடுகூர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். வடுக பைரவர் இங்கே சிவனை வழிபட்டார் என்கிறது தலபுராணம். பைரவருக்குத் திசைகளே ஆடை; கையில் பிச்சை ஏற்கும் கபாலம்; கூடவே ஒரு நாய். ஊரார் முகம் சுளிக்கும் கோலத்தைத் தன் கோலமாக்கிக்கொண்ட தெய்வம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஒரு மனிதர் கிட்டத்தட்ட இப்படியே வாழ்ந்தார். டயோஜனிஸ். ஏதென்ஸ் நகரில் பெரிய மண்சாடி ஒன்றுதான் அவருக்கு வீடு. 'நாய்' என்று ஊரார் ஏசினார்கள். அவரும் ஆமாம் போட்டார். ஒரு சிறுவன் கையைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த ஒரே கிண்ணத்தையும் வீசி எறிந்தாராம். என்ன வேண்டும் என்று கேட்ட அலெக்சாண்டரிடம், வெயிலை மறைக்காமல் தள்ளி நில் என்றாராம்.

புதுச்சேரித் தெருக்களிலும் அப்படி ஒருவர் திரிந்தார். 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கே இருந்த காலத்தில் அவர் குருவாக ஏற்றுக்கொண்ட குள்ளச்சாமி. ஒருநாள் முதுகில் அழுக்குக் கந்தல் மூட்டையோடு எதிரே வந்தார் சாமி. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தார் பாரதி. நானாவது வெளியே சுமக்கிறேன், நீ பழங்குப்பையை உள்ளே சுமக்கிறாயே என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிட்டார் சாமி. 'பாரதி அறுபத்தாறு' நூலில் பாரதியே இதைப் பாடி வைத்திருக்கிறார்.

அவர் கிண்ணத்தை எறிந்தார். இவர் மூட்டையைச் சுமந்தார். இருவருமே நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் பார்க்கவில்லை.

போகியன்று நம் வீட்டில் பழைய பாய் போகும், கிழிந்த துணி போகும். அந்தக் கணக்கு மட்டும் போவதில்லை. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் மண்டபம், தாய்மாமன் சீர், சாலை முனையில் ஆளுயர பேனர். கையில் இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்கியாவது செய்தாக வேண்டும். "செய்யலன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" அந்த நாலு பேரும் மொய் எழுதி, சாப்பிட்டு, ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறிவிடுவார்கள். வட்டி கட்டுவது நாம்.

எளிமையிலும் இதே சிக்கல் உண்டு. பிளேட்டோவின் விரிப்பை மிதித்து, உன் கர்வத்தை மிதிக்கிறேன் என்றாராம் டயோஜனிஸ். வேறொரு கர்வத்தால் மிதிக்கிறாய் என்றாராம் பிளேட்டோ. நாலு பேர் மெச்சுவதற்காகக் கட்டிக்கொள்ளும் கதரும் ஒரு பேனர்தான்.

இன்று செய்யப்போகிற ஒரு செலவை எடுத்துக்கொள்வோம். யாருமே பார்க்கப்போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா? செய்வேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். மாட்டேன் என்று மனம் சொன்னால், கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.