டி.எஸ். சேனநாயக்காவும் நாங்களும்

ஒரு நாட்டின் முதற் தலைவரை எதைக்கொண்டு அளப்பது? அவர் கட்டிய அணைகளை எண்ணலாம், திறந்த பாடசாலைகளை எண்ணலாம். ஆனால் புதிதாகப் பிறந்த அரசு முதலில் செய்கிற வேலை வேறு. யார் உள்ளே, யார் வெளியே என்று அது ஆட்களை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதுதான் முதற் தலைவரைப் பற்றிய முதற் கேள்வி என்று நாங்கள் நினைக்கிறோம்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1790 மார்ச்சில் ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். வெளியிலிருந்து வந்தவர் குடியுரிமை பெறுவது பற்றிய அந்நாட்டின் முதற் சட்டம் அது. இரண்டு வருடம் வாழ்ந்திருந்தால் போதும் என்ற தாராளம் அதில் இருந்தது. அடிமையல்லாத வெள்ளையராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இரண்டு தவணை ஆண்டபின் தானாகவே வீட்டுக்குப் போனவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. போற்றத் தக்கதுதான், பதவியை விட்டுப் போகத் தெரியாத தலைவர்களைப் பார்த்துச் சலித்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அவர் ஒப்பமிட்ட அந்த நிறத்தடை முற்றாக நீங்குவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1952இன் மார்ச்சில், காலிமுகத் திடலில் குதிரைச் சவாரி செய்கையில் விழுந்து, அடுத்த நாள் இறந்துபோனார் இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா. அவரையும் தேசபிதா என்கிறார்கள். லண்டன் சமையலறைகளில் எங்களோடு நின்ற முதிய தலைமுறையினர் சிலரும் அவர்மேல் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். "அந்த மனிசன் குதிரையால விழாமல் இருந்திருந்தால் நாங்கள் இண்டைக்கு இங்க கோப்பை கழுவத் தேவையில்லைத் தம்பி" என்று ஒருவர் சொல்லுவார். பண்டாரநாயக்காவின் 1956ஆம் ஆண்டுச் சிங்களச் சட்டம் டி.எஸ். இருந்திருந்தால் வந்திராது என்பது அவருடைய துணிபு.

அந்த மரியாதைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1931 முதல் விவசாய மந்திரியாக இருந்த டி.எஸ். காடுமண்டிக் கிடந்த பழைய குளங்களைத் திருத்தினார். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தால் நிலமற்ற கமக்காரன் கையில் அரச நிலம் போய்ச் சேர்ந்தது. கல்லோயாத் திட்டத்தால் கிழக்கின் குடிப்பரம்பல் மாறியதைப் பற்றி எம்மவர் நிறைய எழுதிவிட்டார்கள். இங்கே அதை விட்டுவிடுவோம். நாங்கள் பேச வந்தது எம்மவர் குறைவாக எழுதிய ஒன்றைப் பற்றி.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் சனத்தொகையில் ஏறத்தாழ 11 வீதம். மலையகத் தமிழர், அன்றைய சொல்லில் இந்தியத் தமிழர், 11.7 வீதம். அதாவது அந்தத் தீவின் தமிழரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. அதற்கு முதல் வருடம், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டக் காணியைக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்க அரசு எடுத்தபோது, அங்கிருந்து வெளியேற மறுத்த தொழிலாளருக்காகப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. காணி மந்திரி டி.எஸ். கிராமத்தானுக்கு நிலம் கொடுத்த அந்தக் கைதான் தோட்டத்தானைக் கிளப்பிற்று. ஒரே மனிதரின் நன்மையையும் தீமையையும் இரண்டு தராசில் வைத்து நிறுக்க முடியாதிருப்பது இதனால்தான்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம். அதே வருடம் ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் தமிழன் என்ற சொல் இல்லை, இந்தியன் என்ற சொல்லும் இல்லை. இலங்கையில் பிறந்தவராயின் உமது தகப்பன் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்டது. இல்லையாயின் பேரனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. கேள்வி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் தென்னிலங்கைக் கிராமத்தவனிடமோ யாழ்ப்பாணத்தவனிடமோ யாரும் தகப்பனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரவில்லை. தகப்பன் தோணியேறி மன்னாரில் இறங்கி நடந்து வந்த லயத்து மனிதனிடம்தான் அது கேட்கப்பட்டது. காகிதம் இல்லாதவனுக்குக் காகிதம் கேட்பது எவ்வளவு இலகுவான கொலை என்பது குடிவரவு அலுவலகத்து வரிசைகளில் நின்ற எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபித்து, இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவுபெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர்தான். அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவரின் வாக்குப் பறிபோயிற்று. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை பதினெட்டு வருடத்தில் அவர்களுக்கு முடிந்தது. (அந்த வாக்குரிமையை எல்லோருக்கும் கொடுக்கக்கூடாது என்று எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் எங்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சொல்லிவைக்க வேண்டும்.)

வழக்கு லண்டன் வரை வந்தது. கோடக்கன்பிள்ளை என்பவரின் வாக்காளர் பதிவைப் பற்றிய வழக்கு. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை இயற்றக்கூடாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னதே, இது அதை மீறுகிறதல்லவா என்பது வாதம். 1953இல் டவுனிங் வீதியில் கூடிய பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான, நியாயமான வேலை என்றது.

இந்த வாதத்தை எம்மவர் வாயிலும் கேட்டிருக்கிறோம். "அவங்கள் பிழைக்க வந்த சனம், எங்களைப் போல பூர்வீகம் இல்லை; ஒரு நாடு தன்ர ஆக்களைத் தான்தானே தெரியவேணும்" என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிழைக்கவும் உயிர்தப்பவும் வந்த எங்களைத் திருப்பி அனுப்புவதும் பிரித்தானிய அரசின் இயல்பான வேலைதானே? 1983 யனவரி 1 முதல் இந்த நாட்டில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரு பிள்ளை பிரஜையாவதில்லை. பெற்றோரில் ஒருவர் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். தகப்பனிடம் காகிதம் கேட்கிற சட்டம் எங்கள் பிள்ளைகளின் தொட்டிலுக்கும் வந்திருக்கிறது. அங்கே நியாயமென்றும் இங்கே அநியாயமென்றும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், இங்கே வதிவிட அனுமதி பெற்ற இலங்கையர் பிரித்தானியப் பிரஜையாகாமலே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2024 யூலை 4இல் எங்களிற் சிலர் மதியச் சமையலை முடித்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி வைத்துப் போய் வாக்களித்தோம். யாரும் எங்கள் பூட்டனைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி எங்கள் பங்குக்கு வருவோம். முதற் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் எதிர்த்தார். செப்டெம்பரில் டி.எஸ்.இன் மந்திரிசபையில் கைத்தொழில் மந்திரியானார். டிசம்பரில் இரண்டாவது சட்டம் வந்தபோது ஆதரித்தார். எதிர்த்த செல்வநாயகம் கட்சியிலிருந்து பிரிந்து, ஒரு வருடத்தின்பின் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை எங்களுக்கும் நடக்கும் என்று அவர் எச்சரித்தார் என்பதை எம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. அதை நாங்கள் பெரிதாக மெச்சுவதில்லை. எங்களுக்கு வராது என்று உறுதி இருந்திருந்தால் அது சரியாகியிருக்குமா?

தலைவர்கள் செய்ததற்குச் சனம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். 1952 மே மாதத் தேர்தலைப் பார்க்கட்டும். காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகம் தோற்றார். வென்றவர் டி.எஸ்.இன் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் சு. நடேசன், இராமநாதனின் மருமகன். தமிழரசுக் கட்சிக்கு மொத்தம் இரண்டே ஆசனங்கள். பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் வென்றார். காங்கேசன்துறைக்குச் சீமெந்து ஆலை வந்திருந்தது. வாழைச்சேனைக் காகித ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையும் அவருடைய கைத்தொழில் அமைச்சின் பேரிலேயே சொல்லப்படுகின்றன. மலையகத்தில் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே சனம் இல்லை. அவர்கள் அந்த ஏப்ரலில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தார்கள். அது மாதக்கணக்கில் நீண்டது.

நாங்கள் அப்போது பிறக்கவில்லை. எங்களிற் பலரின் தகப்பன்மாரும் பிறக்கவில்லை. பிறக்காதவனுக்கு எப்படிப் பொறுப்பு வரும் என்பது நியாயமான கேள்வி. குற்றம் வராது என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் 1956, 1958, 1983 ஆகியவற்றை எங்களுக்கு நடந்தவை என்கிறோமே, எங்களிற் பலர் 1983இலும் பிறக்கவில்லையே. பிறக்குமுன் பட்ட காயத்தை 'எங்கள் காயம்' என்று எடுத்துக்கொள்கிறவன், பிறக்குமுன் தன் ஊர் இட்ட வாக்கை மட்டும் யாரோ இட்டது என்று ஒதுக்கலாமா? சொத்தை ஏற்றுக் கடனை மறுக்கிற பிள்ளையை ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

கடன் பழையதுமல்ல. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அவர்களில் ஒருவரையும் கேளாமல், இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன. மிச்சமிருந்த நாடற்றோருக்குப் பொதுவாகப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. இடையிலே 1977 வன்செயலுக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்களை நாங்கள் எல்லையோரக் காணிகளில் இருத்தினோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எங்களுக்கு எந்தச் சிங்களவரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் சமையலறையில் தோசைக்கல்லில் நிற்கிற தம்பி ஒருவன் வவுனியாப் பக்கம். அவனுடைய பேரன் தோட்டத்திலிருந்து வந்தவர். ஒருநாள் ஊர்க்கதை சூடாகப் போய்க்கொண்டிருக்கையில் கேட்டான்: "அண்ணை, எங்கட சனம், எங்கட சனம் எண்டு சொல்லுறீங்களே, அதுக்குள்ள நாங்களும் இருக்கிறமோ?" இருக்கிறாய்தானே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் சிரித்துவிட்டு மாவை ஊற்றினான். தமிழில் கேட்பவரையும் சேர்க்க 'நாம்' என்றும், விட 'நாங்கள்' என்றும் இரண்டு சொல் உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'நாம்' அருகிவிட்டது, எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

பெப்ரவரி 4இல் ஹைட் பார்க் கார்டன்ஸில் இலங்கைத் தூதரகத்தின் முன் எம்மவர் கறுப்புக்கொடியோடு நிற்பார்கள். நாங்களும் நின்றிருக்கிறோம். கைக்குக் கிடைத்த துண்டுப்பிரசுரம் ஒன்றின் பட்டியல் 1956இல் தொடங்கியது. அடுத்த முறைக்கு மேலே சேர்க்கும்படி மூன்று வரி எழுதிக் கொடுத்தோம்: 1948 ஓகஸ்ட், 1948 டிசம்பர், 1952 மே. முதல் வரியைச் சேர்க்கலாம் என்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் இடம் போதாதாம்.