சொன்ன பேச்சு கேட்பவர்கள்

2007 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்டோட்டன் என்ற ஊரில், நடத்தைச் சிக்கல் உள்ள இளைஞர்கள் தங்கியிருந்த விடுதி வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. மேலதிகாரி பேசுவதாகச் சொன்ன குரல், பையன்கள் இருவர் மாலையில் முறைகேடாக நடந்துகொண்டதாகவும் அதற்காக அவர்களுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. ஊழியர்கள் பையன்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். ஒருவருக்கு 77 முறை, மற்றவருக்கு 29 முறை அதிர்ச்சி கொடுத்தார்கள். பேசியவர் மேலதிகாரி அல்ல, அந்த வீட்டை நடத்திய நிறுவனத்தில் முன்பு தங்கியிருந்த ஒருவர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

சொன்ன பேச்சு கேட்காதவர்களைக் கேட்கவைப்பது அந்த நிறுவனத்தின் தொழில். அன்றிரவு அந்தக் கூரையின் கீழ் யார் நன்றாகப் பழக்கப்பட்டிருந்தார்கள் என்று கேட்டால், பையன்களை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிறுவனத்தின் பெயர் ஜட்ஜ் ரோட்டன்பர்க் சென்டர். 1971-ல் இதைத் தொடங்கிய மாத்யூ இஸ்ரேல், நடத்தையியலின் பெரிய பெயரான பி.எஃப். ஸ்கின்னரிடம் ஹார்வர்டில் படித்தவர். 1985-ல் அங்கே தங்கியிருந்த இளைஞர் ஒருவர் இறந்தபோது, தண்டனை முறைகளை நிறுத்த மாநில அரசு முயன்றது. வழக்கை விசாரித்த நீதிபதி எர்னஸ்ட் ரோட்டன்பர்க் நிறுவனத்தின் பக்கம் நின்றார். பின்னாளில் நிறுவனம் நன்றி மறக்காமல் அவருடைய பெயரையே சூட்டிக்கொண்டது. வேறெந்தச் சிகிச்சை நிலையமாவது வழக்கில் தன்னைக் காப்பாற்றிய நீதிபதியின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்குமா, தெரியவில்லை. பொதுவாக அங்கே மருத்துவர் பெயர் இருக்கும், இல்லையென்றால் சாமி பெயர்.

உடம்பில் மின்முனைகள், முதுகுப் பையிலோ இடுப்பிலோ மின்கலம், தொலைவில் நிற்கும் ஊழியர் கையில் பொத்தான். கருவியின் அமைப்பு இவ்வளவுதான். வெளியே கிடைத்த கருவியின் வலி போதவில்லை என்று நிறுவனமே சொந்தமாக இதைச் செய்துகொண்டது. 2002-ல் ஆட்டிசம் உள்ள 18 வயதுப் பையன் ஒருவன் மேல்கோட்டைக் கழற்ற மறுத்தான். கட்டிப்போட்டு, பல மணி நேரத்தில் 31 முறை அதிர்ச்சி கொடுத்தார்கள். கோட்டுக்காகக் கொடுத்தது முதல் அதிர்ச்சி மட்டும்தான். மிச்சத்தில் பெரும்பகுதி, அடுத்ததற்கு அஞ்சி உடம்பை இறுக்கிக்கொண்டதற்கும் அலறியதற்கும். அந்தக் காட்சிப்பதிவு பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்டது. 2007 இரவின் பதிவுகளை அழிக்கச் செய்தார் என்று இஸ்ரேல் மீது குற்றச்சாட்டு எழுந்து, 2011-ல் அவர் பதவி விலகினார். அடுத்தவர் செய்வதை இடைவிடாமல் கண்காணிப்பதையே முறையாகக் கொண்ட இடத்தில், தங்களைக் காட்டிய பதிவுதான் காணாமல் போயிற்று.

இதை ஏதோ ஒரு கொடூர மனிதரின் கதை என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வசதி. இதன் வேர் மரியாதைக்குரிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஈவார் லோவாஸ், ஆட்டிசம் உள்ள ஐந்து வயது இரட்டையரைத் தரையில் மின்சாரம் பாயும் அறையில் விட்டு, ஆளை நாடி வரக் கற்பித்ததை 1965-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு, அவருடைய கூடத்தில் பிள்ளைகள் அறை வாங்குவதையும் பாராட்டு வாங்குவதையும் லைஃப் பத்திரிகை படங்களாகப் போட்டது. நாடே பார்த்தது. பலர் பாராட்டினார்கள்.

பாராட்டியவர்களுக்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்பது மருத்துவர் தரும் வழக்கமான ஆலோசனை. தன் கையைத் தானே கடித்துச் சதையைப் பிய்க்கும் பிள்ளையையும், கண்ணில் குத்திக் குத்திப் பார்வை இழக்கும் பிள்ளையையும் கட்டிலோடு கட்டிவைப்பதே கவனிப்பு. அந்தச் சூழலில், இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று சொன்னவர் லோவாஸ். தாய்மார் அவரை நம்பினார்கள் என்றால், அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லாத முதல் ஆட்களில் ஒருவர் அவர் என்பதும் ஒரு காரணம்.

1987-ல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு மேலாகப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து, சாதாரண நுண்ணறிவு அளவை எட்டினார்கள் என்றது அது. அந்த 47 சதவீதம் உலகமெங்கும் பெற்றோரின் சேமிப்பைக் கரைத்தது, நம்பிக்கையையும் கொடுத்தது. அதட்டலும் தொடையில் விழுந்த அடியும் அந்தப் பயிற்சியில் அடக்கம் என்ற விவரம் அவ்வளவு பரவவில்லை. பிற்காலத்தில் லோவாஸே அடியைக் கைவிட்டார். ஆனால் எதை வெற்றி என்று எண்ணினார் என்பதைப் பாருங்கள். மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தறிய முடியாமல் போவது. பிள்ளைக்கு வலி குறைந்ததா, தூக்கம் வந்ததா, வேண்டியதைக் கேட்க முடிந்ததா என்பதற்கு அளவுகோல் வைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த விருப்பம் நமக்கு அன்னியமா? அடியாத மாடு படியாது என்பதும், முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பதும் ஹார்வர்டில் எழுதியவை அல்ல. கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கும் வகுப்பே நல்ல வகுப்பு என்று படித்து வந்தவர்கள் நாம். ஆட்டிசத்துக்கு இந்தியாவில் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் 2016-ல் அதுவும் இடம்பெற்றது. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சிறப்பு ஆசிரியர்கள் பலர் பொறுமையின் உருவங்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் ஒரு தெரபி அறையின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மா காதில் அடிக்கடி விழுவது, ‘உட்கார்’, ‘கை கீழே’, ‘என்னைப் பார்’ என்ற மூன்றும்தான். பார்த்தால் பிஸ்கட் துண்டு. கண்ணோடு கண் பார்ப்பது எரிச்சலாகவும் வலியாகவும் இருக்கிறது, பார்க்காமல் இருந்தால்தான் பேச்சு காதில் ஏறுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். கையை உதறுவது தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி என்றும் எழுதிவிட்டார்கள். பிஸ்கட் இன்னும் தீரவில்லை.

இதில் எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் உடனே செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்ட பிள்ளை, வேண்டாம் என்று சொல்லவோ கையைத் தட்டிவிடவோ எங்கே கற்கும்? அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் அத்துமீறுபவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தவர்கள், பொறுப்பில் இருப்பவர்கள், ‘சொன்னபடி கேள்’ என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள்.

மாற்று வழி இதே நடத்தையியலின் உள்ளிருந்துதான் வந்தது. அதனால்தான் அந்தத் துறையை முழுவதும் தூக்கியெறியச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1982-ல், பால்டிமோரில், பிரையன் இவாட்டாவும் உடன் வேலை செய்தவர்களும் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளும் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்வதை எப்படி நிறுத்துவது என்று தொடங்காமல், எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பார்த்தார்கள். கடினமான பாடம் கொடுத்து, அடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்தினார்கள். வேறொரு வேளையில் பெரியவர் தன் வேலையில் இருக்க, அடித்துக்கொண்டால் மட்டும் ஓடிவந்து ‘அப்படிச் செய்யாதே’ என்று அக்கறை காட்டினார். இன்னொரு வேளையில் தனியே விட்டார்கள், மற்றொன்றில் எந்தக் கட்டாயமும் இல்லாமல் கூட விளையாடினார்கள். பார்வைக்கு ஒரே மாதிரியான அடிகள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வேலை செய்தன. ஒருவருக்கு அது பாடத்திலிருந்து விடுதலை, இன்னொருவருக்கு ஒரு மனிதரின் கவனம், வேறொருவருக்கு ஆள் இல்லாத நேரத்தில் உடம்புக்குள்ளிருந்து கிடைக்கும் ஏதோ ஒன்று.

அவ்வளவு எளிய கேள்விதான். அதைக் கேட்டுச் சோதித்துப் பார்க்க 1982 வரை ஆகியிருக்கிறது. அதற்குள் லோவாஸின் மின் அதிர்ச்சிக் கட்டுரைக்கு 17 வயது.

மூன்று ஆண்டு கழித்து எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். பாடம் கடினமாக இருப்பதால் முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கு ‘புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனத்துக்காகச் செய்யும் பிள்ளைக்கு, ‘நான் சரியாகச் செய்கிறேனா’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு வெகுவாகக் குறைந்தது. கற்றுக்கொடுத்தவர் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொன்னதால் குறைந்தது. புரியவில்லை என்று பிள்ளை சொல்லும்போது உதவாத ஆசிரியருக்கு இந்த முறையால் ஒரு பயனும் இல்லை. பேச்சு இல்லாத பிள்ளைக்குப் பட அட்டையும் கை சைகையும் இதே வேலையைச் செய்யும், எதிரே இருப்பவர் அட்டையைப் பார்த்தால். அதற்கெல்லாம் முன்பாகப் பல்லையும் காதையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். பல்வலியைச் சொல்லத் தெரியாதவர் தாடையில் குத்திக்கொள்வார். மலச்சிக்கலில் மாதக்கணக்காகத் தவித்தவர்களுக்கு ‘ஆக்ரோஷம்’ என்று கோப்பில் எழுதியிருப்பார்கள்.

1991-ல் கார் மறுபக்கத்தையும் சோதித்தார். முரண்டு பிடிக்கும் பிள்ளைகளோடு பெரியவர்களைப் பாடம் நடத்த வைத்து, இந்த முறை பெரியவர்களின் நடத்தையைக் குறித்துக்கொண்டார். அடி, கடி, அலறல் வராத பாடங்களின் பக்கமும் பிள்ளைகளின் பக்கமும் அவர்கள் மெல்ல நகர்ந்தார்கள், தங்களை அறியாமலே. வாரம் 40 மணி நேரம் யார் யாரைப் பழக்குகிறார்கள் என்ற கேள்விக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மருந்தின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மனநோய் இல்லாமல் ஆக்ரோஷம் மட்டும் காட்டும், அறிவுசார் குறைபாடுள்ள 86 பேரிடம் பிரிட்டன், ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நடத்திய சோதனை 2008-ல் லான்செட் இதழில் வந்தது. சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் எல்லோரிடமும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம். சோதனை என்று வந்தபிறகு யாரோ அவர்களை அக்கறையாகப் பார்த்திருப்பார்கள், சுற்றியிருந்தவர்களும் சற்று நம்பிக்கையோடு அணுகியிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த மருந்துகள் இன்றும் தாராளமாக எழுதப்படுகின்றன.

2011-ல் பிபிசி இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனைக்குள் மறைகேமரா வைத்தது. ஊழியர்கள் நோயாளிகளை அடித்ததும் தண்ணீர் ஊற்றிக் கேலி செய்ததும் வெளியே வந்தது. பதினொரு பேர் குற்றவாளிகளாயினர், ஆறு பேர் சிறை சென்றார்கள். பிறகு அரசு வழிகாட்டிகள் மாறின. காரணத்தைக் கண்டறி, சூழலை மாற்று, பேச வழி கொடு என்பவை விதிகளாயின. அதற்கான பயிற்சியை ஊழியர் குழுக்களுக்குக் கொடுத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. பயிற்சி பெற்ற குழுக்களிடமும் பெறாத குழுக்களிடமும் வித்தியாசம் தெரியவில்லை.

முறை தவறு என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில நாள் பயிற்சியும் ஒரு கையேடும் கொடுத்துவிட்டு, ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் வேலைப் பளுவையும் அப்படியே விட்டால், கையேடு அலமாரியில் இருக்கும். ஒருவர் ஏன் தலையை முட்டிக்கொள்கிறார் என்று கண்டுபிடிக்க, அவரோடு நெடுநாள் இருந்த ஒருவர் வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு வேலைக்கு வந்து அடுத்த மாதமே போய்விடும் ஊழியருக்கு அந்த நெடுநாள் கிடைப்பதில்லை. பொத்தானை அழுத்த மட்டும் பழக்கம் தேவையில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் ரோட்டன்பர்க் சென்டரின் அந்த மின் அதிர்ச்சிக் கருவியைத் தடை செய்தது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கருவி நல்லது என்பதற்காக அல்ல. ஒரு கருவியை ஒரு நோக்கத்துக்கு மட்டும் தடுத்து, மற்றதற்கு விட்டுவைப்பது மருத்துவரின் தொழிலில் தலையிடுவது, அதற்கு நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை என்பதற்காக. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. 2024 மார்ச்சில் நிர்வாகம் மறுபடியும் தடையை முன்மொழிந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் கருவியைக் காக்க முன்நின்றவர்களில் பெற்றோர் இருந்தார்கள். தங்கள் மகனை, மகளை வேறு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியதையும், மருந்தில் மயங்கிக் கிடந்ததையும், இங்கே வந்துதான் முகத்தில் காயம் ஆறியதையும் அவர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. யாரையும் வேண்டாம் என்று சொல்லாத கதவு அது ஒன்றாகத்தான் இருந்தது. அதை நீதிமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களிடம் இன்னொரு கதவின் முகவரி கேட்டால், பல நேரம் இல்லை. நம் ஊரில் அந்தத் தேவை இன்னும் அதிகம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தபோது, அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய வீட்டார்தான். பிள்ளைக்கு நாற்பது வயது, தங்களுக்கு எழுபது என்றான பெற்றோர் இங்கே கேட்பது எந்த முறை நல்லது என்றல்ல. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான். தடை ஆணையில் அதற்குப் பதில் எழுதும் அதிகாரம் எந்த நிர்வாகத்துக்கும் கொடுக்கப்படவில்லை.