வெள்ளமும் திருத்தொண்டும்

சைவாசிரியர்களாகிய அன்பர்களே!

கார்த்திகை மாதத்திலே பள்ளிக்கூட முற்றத்தில் நீர் ஏறி நிற்கும்போது, மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, வெள்ளத்தில் இறந்தவர்கள் எல்லாரும் பாவஞ் செய்தவர்களா?" என்று வினாவுவானாயின், யாது விடை கூறுவோம்? 2025ஆம் ஆண்டுக் கார்த்திகையிலே டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபின், எமது வகுப்பிலே இவ்வினா எழுந்தது. நாம் உடனே விடைகூற மாட்டாது நின்றோம். அன்று கூறாத விடையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அப்புயலின் பெருமழையால் ஆறுகள் கரைகடந்தன. கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய இடங்களிலே மலைகள் சரிந்தன. இறந்தோர் தொகை அறுநூற்றின் மேற்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்ற பேருந்தொன்று கலா ஓயாப் பெருக்கில் அகப்பட்டது. அதிலிருந்தோர் ஒரு வீட்டுக் கூரைமேல் இரவைக் கழித்து, மறுநாட் கடற்படையினரால் மீட்கப்பட்டனர். அக்கூரைமேல் இருந்தவரைத் தமிழர் என்றும் சிங்களவர் என்றும், சைவர் என்றும் பிறர் என்றும் வெள்ளம் பிரித்து நோக்கவில்லை. கோயில்களும் விகாரைகளும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அந்நாள்களிலே கதவு திறந்தன. வடபுலத்து இளைஞர் பலர் அரிசியும் உடையும் சேர்த்து மலையகத்துக்கு அனுப்பினர்.

இனி வினாவுக்கு வருவோம். வினையுண்டென்பது சைவசித்தாந்தத் துணிபு; அதனை நாம் மறுக்கின்றோமல்லோம். ஆயினும், வினைப்பயனை அறிந்து ஊட்டுவிப்பவர் முற்றறிவுடைய சிவபெருமான் ஒருவரே. பிறர் வினையை அளக்கும் மரக்கால் நம் கையிலே தரப்படவில்லை. நீரிலே தத்தளிப்பவன் நுகர்வது அவனது பிராரத்தமாகுக. கரையிலே கயிற்றோடு நின்றும் வீசாதவனுக்கு யாது வரும்? அவன் அக்கணமே புதுவினையாகிய ஆகாமியத்தை ஈட்டுகின்றான். "அவன் விதி" என்று சொல்லும் வாய், தன் கடமையை மறைத்தற்கே அதனைச் சொல்லுகின்றது. வினைக்கொள்கை நம்மை நாம் திருத்துதற்கு அருளப்பட்டது. துன்புறுவோரைக் குற்றவாளிகளாக்குதற்கு அருளப்பட்டதன்று.

வெள்ளக்காலத்திலே இறைவர் யாது செய்தார் என்பதைத் திருவிளையாடற் புராணம் உரைக்கின்றது. வைகை பெருகிற்று. பாண்டியன் கரையைப் பங்கிட்டு, வீட்டுக்கு ஓராளாக அடைக்கும்படி பணித்தான். பிட்டு விற்றுண்ணும் வந்தி என்னும் கிழவிக்கு ஆளில்லை. சோமசுந்தரக் கடவுள் கூலியாளாகி வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு, கூடையும் மண்வெட்டியும் ஏந்தினார். பாண்டியன் பிரம்பினால் அடித்த அடி எல்லா உயிர்கள்மேலும் பட்டது.

இச்சரிதத்தை நாம் ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். இதிலே நாம் கவனியாது விடுவன இரண்டு. ஒன்று, ஆளில்லாத கிழவியின் பங்கு அடைபடாது கிடந்தால் ஊர் முழுதும் நீரில் அமிழும் என்பது. மற்றொன்று, இறைவர் உதவிய இடம் அரசனது அரண்மனையன்று, பிட்டு அவிக்கும் குடிசை என்பது. யாழ்ப்பாணத்திலே பிட்டு அவியாத வீடு எது? ஆதலின் வந்தி நம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கின்றாள் என்று அறிக.

அடியார்களும் அவ்வழியே நின்றனர். இளையான்குடிமாற நாயனார் மழை பொழியும் நள்ளிருளிலே, பகல் விதைத்த முளைநெல்லை வாரிவந்து அதிதியை உண்பித்தார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் நாடோறும் காசு பெற்று அடியாரை ஊட்டினர். சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டங் கொடுக்க வேண்டியிருந்தது. உழவாரத்தினாற் கைத்தொண்டு செய்த அரசர் பெற்ற காசோ வாசியின்றிச் சென்றது. உடம்பை வருத்திச் செய்யுந் தொண்டின் பெருமை இதனாற் பெறப்படும். பொருள் கொடுத்தவர் பெயர் பலகையில் எழுதப்படலாம். சேறு வாரினவன் காசு வட்டமின்றிச் செல்லும்.

இனி எமது குற்றமொன்றைச் சொல்லுதல் வேண்டும். 2008ஆம் ஆண்டுக் கார்த்திகையிலே நிஷாப் புயல்மழை குடாநாட்டை மூடியபோது, அரியாலையின் தாழ்ந்த பக்கத்துக் குடும்பங்கள் சில, பிள்ளைகளைத் தோளிலும் பாயைத் தலையிலும் சுமந்து, ஒரு மடத்து வாயிலிலே வந்து நின்றன. இரவிலே ஊரடங்கு நிலவிய காலம், பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. திறப்பை வைத்திருந்த பெரியவர்கள், வந்தவர் எப்பகுதியார் என்று தம்முள் ஆராய்ந்தனர். அவர்களோடு நாமும் நின்றோம். சமயபாடம் படிப்பிப்பவர் என்று எமது சொல்லுக்கு அங்கே சிறிது மதிப்பும் இருந்தது. ஆயினும் வாய்திறந்திலோம். ஒரு கிழவி எம்மை நோக்கி, "தம்பி, நீங்கள் ஆறுதலாக் கதைச்சு முடியுங்கோ, பிள்ளையளை மட்டும் திண்ணையில இருத்துறன்" என்றாள். அதற்கும் ஒருவரும் விடை கூறவில்லை. தெருவுக்கு அப்பால் ஒரு தேவாலயத்தின் கதவு திறந்தது. அவர்கள் அங்கே போயினர். அக்கிழவியின் நெற்றியிலே திருநீறு நனைந்து கிடந்தது.

சில மாதங்களின் பின் அக்குடும்பங்களுள் ஒன்று அத்தேவாலயத்துக்குப் போகத் தொடங்கிற்று. "சோறு கொடுத்து மதம் மாற்றினார்கள்" என்று நம்மவர் சினந்தனர். கதவை அடைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்டிலோம். நாம் கற்றது மிஷன் பாடசாலையிலே. கள்வரால் அடியுண்டு வழியிற் கிடந்தவனைக் குருமார் கண்டு விலகிச் செல்ல, வேற்றினத்தான் ஒருவன் எடுத்துப் பேணிய கதையை அங்கே மனனஞ் செய்தோம். அக்கதையிலே விலகிச் சென்றவன் நாமே என்பதை மடத்து வாயிலிலேதான் அறிந்தோம்.

துன்புற்றோரது பசியை மதவாணிகத்துக்கு முதலாக்குதல் யாவர் செய்யினும் தீதே. அதனைக் கண்டித்தற்கு நமக்கு உரிமை எப்போது உண்டாகும்? அவர்க்கு முன்னே நாம் சென்றிருந்தால் உண்டாகும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கே ஆசிரியராயிருந்தவர்களே. அவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்ததை எல்லாரும் பேசுவர். 1876, 1877ஆம் ஆண்டுகளிலே பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது, அவர்கள் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளை ஊட்டினார்கள் என்பதைப் பேசுவோர் சிலர். கஞ்சித்தொட்டியின்றிப் பள்ளிக்கூடம் மாத்திரம் நாவலர் மரபு ஆகுமா?

ஆதலின், ஆசிரியர்கள் மழைக்கு முன்னே செய்யத்தக்கன சில கூறுவோம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டிலே மழைநீர் சுண்ணக்கல்லினூடு இறங்கிக் கிணறுகளிற் சேர்கின்றது. எஞ்சியது குளத்துக்கும் கடலுக்கும் ஓடுகின்றது. வாய்க்காலை மறித்து மதில் கட்டி, குளத்தைத் தூர்த்து வீடு கட்டினால், அந்நீர் தாழ்ந்த நிலத்து ஏழையின் அடுப்பிலே ஏறும். ஐப்பசிக்கு முன்னே மாணாக்கரோடு வாய்க்கால் துப்புரவு செய்தல் உழவாரத் திருப்பணியே ஆகும். நம் ஊரிலே முதியவர், நடக்கமாட்டாதவர், கைக்குழந்தையுடையவர் வாழும் வீடுகளைக் கிராம சேவையாளரோடு கூடிக் குறித்து வைக்க. பள்ளிக்கூடத்துத் திறப்பு யாரிடம் உண்டு என்பதை ஊரார் எல்லாரும் அறியச் செய்க.

வெள்ளம் வடிந்தபின்பே நோய் வரும். மலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்திற் கலந்தமையால், கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை கொதித்தாறிய நீரையே குடிப்பிக்க. 2024ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் மார்கழியிலே எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்திலே உயிர்களைக் கொண்டது. ஆதலின் காலிற் புண்ணுடைய மாணாக்கனைச் சேற்றில் இறக்கற்க. காய்ச்சல் கண்டவரைத் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புக. தொண்டருக்கு அன்பு மாத்திரம் போதாது, அறிவும் வேண்டும்.

சோறு கொடுக்குமுன் சமயமும் சாதியும் வினாவற்க. வாங்குவோரது முகத்தைப் படம் பிடித்து வெளியிடற்க. திருநீற்றை விரும்பினவர்க்கு அன்போடு கொடுக்க. அதனைச் சோற்றுக்கு விலையாக்கற்க. சேர்த்த பொருளுக்குக் கணக்கு எழுதி யாவரும் பார்க்க வைக்க. பிற சமயத்துத் தொண்டரைக் கண்டால் பாரத்தின் மறுமுனையைத் தாங்குக.

மாணாக்கன் கேட்ட வினாவுக்கு எமது விடை இதுவே: "பிள்ளாய், இறந்தவர் பாவஞ் செய்தாரோ என்பதை நாம் அறியோம். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறவாது நின்றது பாவம் என்பதை அறிவோம். அதனைச் செய்தவருள் உன் ஆசிரியரும் ஒருவர். நீ அவ்வாறு நில்லாதே."

அன்பர்களே, அடுத்த கார்த்திகையும் வரும். கிழவி ஒருத்தி நம் திண்ணையிலே வந்து நிற்பாள். அவளுடைய பங்குக் கரையை அடைத்தற்கு இறைவரே மண் சுமந்தார் எனின், நமக்குக் கூடை சுமத்தல் இழிவாகுமா? சிந்தித்துச் செய்யுங்கள்.

திருச்சிற்றம்பலம்.