ஔடத தானமும் சாத்திர தானமும் கூடும் ஏடு



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் இளமை தொட்டே கேட்டு வருகிறோம். இவற்றுள் பின்னிரண்டும் ஒன்றாகக் கூடுமிடம் மருத்துவச் சுவடியேயாகும்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘பால்டின் மருத்துவ நூல்’ எனப்படும் 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி உள்ளது. கண்ணிமைக் கட்டிக்கு அது ஒரு மருந்து கூறுகிறது. பூண்டையும் வெங்காய இனத்தைச் சேர்ந்த மற்றொன்றையும் சம அளவில் இடித்து, திராட்சை மதுவும் எருதின் பித்தநீரும் கூட்டி, பித்தளைக் கலத்தில் ஒன்பது இரவுகள் வைத்து, துணியில் வடித்து, இறகால் கண்ணில் இடவேண்டும். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் இதனை ஏட்டில் உள்ளவாறே செய்து சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் நுண்ணுயிர் சோதனைக்கூடத்தில் பெருமளவில் அழிந்தது. பொருள்களைத் தனித்தனியே இட்டபோதோ அவ்வாற்றல் காணப்படவில்லை. கலவையே மருந்து! ஏட்டில் ஒரு சொல் சிதைந்திருப்பினும் அம்மருந்து நம் கைக்கு எட்டியிராது.

ஆயினும் அதில் நாம் தொடத்தக்கது யாது? மதுவும் பித்தநீரும் விரதிகட்கு ஆகா. பூண்டும் வெங்காயமும் நம்மவர் பலர் அடுக்களையில் நுழைவதே இல்லை.

இந்த இடர்ப்பாட்டை 9ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிப் பார்த்தவர் நம் உக்கிராதித்திய ஆசாரியர். ஊன், கள், தேன் மூன்றையும் விலக்கியே ‘கல்யாணகாரகம்’ என்னும் வடமொழி மருத்துவ நூலை அவர் இயற்றினார். மருந்தென்றால் ஊனும் ஆகுமே என்போர் எக்காலத்தும் உளர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில், மருத்துவர் நடுவே, ஆகாது என்று அவர் வாதிட்டார். அந்நூல் 1940இல் சோலாப்பூரில் அச்சேறியது, ஆதலால் பிழைத்தது.

அதிலேயே நம்மை வருத்தும் செய்தி ஒன்றும் உண்டு. தமக்கு முன் மருத்துவம் செய்தாரை உக்கிராதித்தியர் பெயர் சொல்லிப் போற்றுகிறார். கண் முதலிய தலையுறுப்புகளின் நோய்க்குரிய சாலாக்கியத்தைப் பூஜ்யபாதரும், அறுவை மருத்துவத்தைப் பாத்திரசுவாமியும் விளக்கினர் என்கிறார். அந்நூல்கள் இன்று இல்லை. அயல்நாட்டாரின் கண்மருந்து ஆயிரமாண்டு கடந்து சோதனைக்கூடம் புகுந்தது. நம் பூஜ்யபாதரின் கண் மருத்துவமோ பெயரளவில் நின்றுவிட்டது. கரையானுக்கு இரையாயிற்றோ, ஆற்றில் விடப்பட்டதோ!

அறிவை மறைத்தலும் அதற்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய வினைக்கு வாயில் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. பரணில் ஏட்டுக்கட்டை மூடி வைத்துக் குடும்ப இரகசியம் எனப் பெருமை கொள்வதும் அம்மறைத்தலே என நாம் கருதுகிறோம். அதற்காக, ஏட்டில் கண்டதை உடனே அரைத்துக் குடிப்பதும் தகாது. அளவும் பச்சிலையின் பெயரும் ஊருக்கு ஊர் மாறுவன. ஆராய்ந்து தெளிய வேண்டியது மருத்துவரின் கடமை. ஏட்டைக் கெடாமல் அவர் கையில் சேர்ப்பதே நம் கடமை.

வரும் சுருத பஞ்சமியன்று சாத்திர பூசைக்குமுன் அக்கட்டை இறக்குவோம். மென்தூரிகையால் தூசி நீக்குவோம். ஒட்டிய ஏடுகளைப் பிரிக்க முயலாமல் சுவடிப் பயிற்சி உடையாரை அழைப்போம். ஏடுகளை வரிசை மாறாது படமெடுத்து, ஒரு படியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ அளிக்கலாம். கயிற்றை மட்டும் அவசரத்தில் அறுத்துவிடாதீர்கள். ஏட்டின் வரிசையைக் காத்து நிற்பது அதுதான்.