முதுமையில் மிதிவண்டி

பணி ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மருத்துவர் என் எடையைக் கண்டித்தார். நெடுநாள் மறந்திருந்த மிதிவண்டியைத் துடைத்தெடுத்து, விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் விடியற்காலையில் மிதிக்கத் தொடங்கினேன். ஒருநாள், கைப்பிடியில் தூக்குச்சட்டி தொங்க, என் வயதொத்த தொழிலாளி ஒருவர் அருகே வந்தார். "சார், எங்க போறீங்க?" என்றார். "எங்கேயும் இல்லை, உடம்புக்காகத்தான்" என்றேன். "எனக்கு அது கூலியோட சேந்தே கிடைச்சிருது" என்று சிரித்துவிட்டு ஆலைப் பக்கம் திரும்பினார். அவர் சிரிப்பில் ஏளனம் இல்லை. எனினும் நான் கூசினேன். உழைத்தே தீர வேண்டியவர் நடுவே, உடலைப் பேணுவதற்கென்றே மிதிப்பது தன்னலமா, கடமையா?

உடலின் கணக்கை முதலில் பார்ப்போம். நடுவயதுக்குப் பின் தசை சிறுகச் சிறுகக் கரைகிறது. மிதிவண்டியில் உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்கால்கள் நோகாமல் தசைக்கு வேலை கிடைக்கிறது. ஆயின், மிதிப்பதால் மட்டும் எடை குறையாது. ஒரு மணி நேரம் மெதுவாக மிதித்துச் செலவிட்டதை, நம் ஊர் எண்ணெய்ப் பரோட்டா இரண்டே ஈடுகட்டிவிடும். பட்டினி கிடந்தாலோ கொழுப்போடு தசையும் போய்விடும். எனவே முதியவர் நாட வேண்டியது மெலிவன்று, வலுவே. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் இங்கே வேரூன்றத் துணைநின்ற வறண்ட வெயில், முதியவரை விரைவில் வாட்டிவிடும். ஆதலால் கதிரவன் எழுமுன் கிளம்புவதும், தண்ணீர் கொண்டுசெல்வதும் நலம்.

பிரான்சு நாட்டு இராபர்ட் மர்ஷான் 1911இல் பிறந்தவர். இளமையில் கைவிட்ட மிதிவண்டிக்கு அறுபது வயதைக் கடந்த பின்னரே திரும்பினார். 2017இல், தம் 105ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். 101 வயதிற்கும் 103 வயதிற்கும் இடையே, பயிற்சியால் அவர் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் கூடியதென ஆய்வாளர் கண்டனர். 2021இல், 109 வயதில் மறைந்தார். மூப்பில் உடல் தேயத்தான் செய்யும். ஆனால் அந்தத் தேய்வு முழுவதும் விதியன்று என்பதற்கு அவரே சான்று.

எனினும் இதில் ஓர் ஆபத்து உண்டு. நலமாயிருப்பவர், நோயுற்றவரைச் சோம்பேறி என எண்ணத் தலைப்படுவார். வாழ்நாளெல்லாம் மருந்துத்தூளைச் சுவாசித்த ஒருவரின் இருமலுக்கு அவர் பொறுப்பாளியா? உடல்நலம் நம் நற்செயலுக்குக் கிடைத்த பரிசன்று. அது ஒப்படைக்கப்பட்ட தாலந்து. புதைத்து வைப்பதற்கும் அன்று, பெருமை பேசுவதற்கும் அன்று. செலவிடுவதற்கே.

இப்போதும் நான் அதே சாலையில் மிதிக்கிறேன். திரும்பும் வழியில், படுக்கையில் கிடக்கும் அண்டைவீட்டுக்காரருக்குப் பால் வாங்கி வருகிறேன். அவரைத் தூக்கி உட்காரவைக்க அவர் மனைவிக்குக் கை கொடுக்கிறேன். அந்தத் தொழிலாளி மறுபடியும் எங்கே போகிறேன் என்று கேட்டால், இனி எனக்குச் சொல்ல ஓரிடம் இருக்கிறது.