இலஞ்சிக் குமரனும் எழுநூறு குதிரைத்திறனும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, சிற்றாற்றங்கரையில் இருக்கும் இலஞ்சிக் குமரன் கோயிலுக்குத் தலபுராணம் ஒரு வழக்கைச் சொல்கிறது. காசிபர், கபிலர், துர்வாசர் மூவரும் இங்கே கூடியபோது மும்மூர்த்திகளில் பரம்பொருள் யார் என்ற பேச்சு எழுந்து, ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்தார்கள். வாதம் முடிகிற வழியாக இல்லை. குமரன் தோன்றி, மூவரும் நானே என்றானாம். இதில் என்னை இழுப்பது தீர்ப்பு அல்ல, வழக்கு பிறந்த இடம். மூர்த்திகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளவில்லை. மோதியவர்கள் அவர்களைப் பற்றிக்கொண்டவர்கள். எது பெரிது என்ற கேள்வி பெரும்பாலும் பொருளுக்குள் இருப்பதில்லை, பற்றுக்குள்தான் இருக்கிறது. கடவுளரை விட்டுவிட்டு பிக்கப் வண்டிகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2010 மாடலாக ராப்டரைக் கொண்டுவந்தது; பாலைவனத்தில் பாய்ந்தோடவே செய்த வண்டி. அதற்குப் போட்டியாக ராம் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ் 2021 மாடலாக வந்தது: 6.2 லிட்டர் வி8 எஞ்சின், 702 குதிரைத்திறன். பானட்டைத் தூக்கினால் டி-ரெக்ஸ் டைனோசர் ராப்டரைக் கடித்துத் தின்னும் சித்திரம் ஒன்று காற்றுப்பெட்டி மூடியில் இருக்கும். விளையாட்டுத்தான், ஆனால் ஒளிவுமறைவில்லாத விளையாட்டு. 2023-இல் ஃபோர்டு 700 குதிரைத்திறனில் ராப்டர் ஆர் கொடுத்தது. இரண்டு குதிரை குறைந்துபோனதைப் பொறுக்க முடியவில்லை போலும், 2024 மாடலில் அது 720 ஆயிற்று. அந்த இருபதை எந்த மணலும் எந்த மேடும் கேட்கவில்லை. கேட்டது எதிராளியின் 702.

இந்த இரண்டும் இந்தியச் சந்தைக்கு வரவில்லை. இங்கே போட்டி இசுசு வி-கிராஸுக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும். முன்னதற்கு 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸுக்கு 204, 500. தாளில் பார்த்தால் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் தென்காசிப் பக்கத்துக் குண்டாறு அணைக்கு மேலே சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் இந்த எண்களுக்குப் பக்கத்தில்கூட வராதவை. கல்லிலும் சேற்றிலும் அவைதான் ஏறுகின்றன. சாரல் நாளில் ஊறிய களிமண்ணில் எஞ்சின் தோற்பதற்கு வெகு முன்னமே டயரின் பிடி விட்டுப்போகும்; அங்கே வேலை செய்வது தாழ்ந்த கியரும் பொறுமையான காலும். இன்னொன்று: வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டின் பின்பக்கமும் லீஃப் ஸ்பிரிங்கில் நிற்கிறது. பாரம் ஏற்றினால் அடங்கிப் போகும், காலியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். எதற்காகச் செய்யப்பட்டதோ அது இல்லாதபோது வண்டியே முரண்டு பிடிக்கிறது. மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உயிருக்கு ஓர் இலக்கணம் சொல்லும்: சார்ந்ததன் வண்ணமாவது. தனித்து நிற்க உயிருக்கு இயலாது. ஆணவத்தைச் சார்ந்தால் இருள், சிவத்தைச் சார்ந்தால் ஒளி. வாங்குகிறவரும் அப்படித்தான். பாரத்தையும் பாதையையும் சார்ந்து தேர்ந்தவரை அடுத்த வருட மாடல் அசைப்பதில்லை. ஒப்பீட்டைச் சார்ந்து தேர்ந்தவரோ, எதிர்க் கம்பெனி புது எண் அறிவித்த அன்றே, வீட்டு வாசலில் நிற்கும் அதே வண்டியைக் குறைந்ததாகப் பார்க்கத் தொடங்குகிறார். வண்டியில் ஒரு ஆணிகூட மாறியிருக்காது.

வலிமையை ரசிப்பது குற்றமா என்று கேட்கலாம். இல்லை. மயிலேறி விரையும் தெய்வத்தைக் கும்பிடும் ஊர் வேகத்தைப் பாவம் என்று சொல்ல முடியாது. ரசிப்புக்கு மற்றொன்றின் தோல்வி தேவையில்லை என்பதுதான் வித்தியாசம். டி-ரெக்ஸ் சித்திரத்துக்கு அது தேவைப்பட்டது. மிகுதியான திறன் ஆபத்தில் கைகொடுக்குமே என்பது இன்னும் கனமான கேள்வி. கைகொடுக்கும், மிகுதி சரியான இடத்தில் இருந்தால். தரையிலிருந்து கூடுதல் உயரம், நல்ல டயர், நான்கு சக்கர இழுவை ஆகியவற்றில் இருக்கும் மிகுதி ஒருநாள் உயிரைக் காக்கக்கூடும். ஒப்பீட்டுப் பட்டியலின் உச்சியில் ஏறுவது என்னவோ குதிரைத்திறன்தான்.

மூன்றாவது மறுப்பை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்: போட்டி இல்லாவிட்டால் வண்டி மேம்படுமா? மேம்படாது. மேடுபள்ளத்தைத் தாங்கும் நல்ல ஷாக் அப்சார்பர் இன்று கம்பெனியிலிருந்தே பொருத்தி வருகிறதென்றால் இந்த மல்லுக்கட்டுக்கும் அதில் பங்குண்டு. செய்பவர்கள் போட்டி போடட்டும், அது அவர்கள் பிழைப்பு. வாங்குபவர் காசும் கொடுத்து அவர்கள் படையில் ஆளாகவும் சேர வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. இலஞ்சியில் தோப்பு வைத்திருப்பவர் தேங்காய் ஏற்ற ஹைலக்ஸையே எடுத்தாலும், விலை கட்டுப்படியாகி வி-கிராஸை எடுத்தாலும், இரண்டும் சரியான தேர்வாக இருக்க முடியும். ஏற்ற எதுவுமில்லாதவருக்கு இரண்டும் தவறாக இருக்கவும் முடியும்.