கண்ணுக்கு விற்கப்படும் இசை

இசை செவிக்குரியது, சஞ்சிகையின் முகப்பட்டையோ கண்ணுக்குரியது. மாம்பழத்தின் நிறத்தைக் கண்டு அதன் சுவையை ஓரளவு ஊகிக்கலாம். பாடகர் ஒருவரின் முகத்தைக் கண்டு அவரது குரலை ஊகித்தல் இயலாது. ஆயினும் இசை பற்றிய சஞ்சிகைகள் அந்த இயலாத காரியத்தையே தம் வாணிபத்தின் முதற்படியாகக் கொண்டுள்ளன. ஒலியைக் காட்ட வழியின்மையால் முகத்தைக் காட்டுகின்றன. முகத்தால் ஈர்க்கப்பட்டவர் ஒலியையும் நாடுவார் என நம்புகின்றன. அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை என்பதே சிந்தித்தற்குரியது.

இம்முகப்புக்களின் உத்திகள் மிகப் பலவல்ல. படத்திலுள்ளவர் வாசகரின் கண்ணை நேரே நோக்குவார். கடையிலே தொங்கும் பல இதழ்களிடையே தம்மை ஒருவர் பார்க்கின்றார் என்ற உணர்வு, கடந்து செல்பவரை ஒரு கணம் நிறுத்துகிறது. மற்றொன்று, சஞ்சிகையின் பெயரைக் கலைஞரின் தலை ஓரளவு மறைத்து நிற்றல். பெயர் பாதி மறைந்தாலும் தன்னை யாவரும் அறிவர் என்ற துணிவுள்ள இதழே இதனைச் செய்யும். நேற்றுத் தொடங்கிய இதழ் செய்யத் துணியாது. வண்ணமும் எழுத்தின் வடிவமும், வேறெங்கும் வெளிவராத செய்தி உள்ளே உண்டென்ற வாக்குறுதியும் ஏனையவை.

விளம்பரத் துறையினர் இவ்வாசகரை 'இலக்கு' என்பர். இலக்கு என்பது வில்லாளியின் சொல். எய்பவன் இலக்கின் இசைவைக் கேட்பதில்லை. ஆனால் வாசகர் அம்பு தைக்க அசையாது நிற்கும் மரமல்லர். முகப்பைக் காணுந்தோறும் அவர் ஒன்றைப் பயில்கின்றார்: யாரை வியத்தல் தகும், யார் தம்மவர், எத்தகைய தோற்றத்தில் கலை குடிகொண்டிருக்கும் என்பனவற்றை அவரறியாமலே கற்றுக்கொள்கின்றார். எனவே, முகப்பட்டை தனக்குரிய வாசகரைத் தேடிப் பிடிக்கிறது என்பதிலும், அவரை உருவாக்குகிறது என்பதே பொருத்தமாகும். அறம் பற்றிய வினா எழுவதும் இவ்விடத்திலேதான்.

இப்பயிற்சி எத்துணை ஆழமானது என்பதை அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையின் வரலாறு காட்டும். 1967 நவம்பரில் வெளிவந்த அதன் முதலிதழின் முகப்பில் ஜோன் லெனன் இடம்பெற்றார். அப்படமும் அவர் போர்வீரராக நடித்த திரைப்படம் ஒன்றின் காட்சியே. இசைச் சஞ்சிகை சினிமாவின் முகத்தைக் கடன்வாங்கியே பிறந்தது எனலாம். அதன்பின் பல்லாண்டுகள் அம்முகப்பில் தோன்றுதலே ஒரு கலைஞருக்குப் பட்டமளிப்பு ஆயிற்று. 2013 ஓகஸ்ட் இதழிலே, அவ்வாண்டு ஏப்ரலில் பொஸ்டன் மரதன் ஓட்டத்திற் குண்டு வைத்த இளைஞனின் படம் அதே முகப்பில் வெளிவந்தது. கலைந்த சுருள்முடி, மென்மையான பார்வை. ஒரு பாடகனின் படமென்றே தோன்றும். பொஸ்டன் நகர முதல்வர் கண்டித்து எழுதினார். பெரிய கடைத் தொகுதிகள் சில இதழை விற்க மறுத்தன. ஆயின் அதே படம் சில மாதங்களுக்கு முன் 'நியூயோர்க் டைம்ஸ்' நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தபோது இத்தகைய கொதிப்பு எழவில்லை. படம் மாறவில்லை; இடமே மாறியது. உள்ளே இருந்த கட்டுரை அவனைப் போற்றவில்லை. அட்டையிலே அவனை அரக்கன் என்றே குறித்திருந்தனர். சொல் அவ்வாறு கூறியும் கண் கேட்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக வியக்கப் பழக்கிய இடத்திலே அன்று மட்டும் வெறுக்க வேண்டும் எனின், கண் எவ்வாறு உடன்படும்? அவ்விதழின் கடைவிற்பனை வழமையிலும் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்பதையும் இங்கு மறத்தலாகாது. சினமும் ஒருவகை ஈர்ப்பே.

களுபோவிலவிலிருந்து காலி வீதி வழியே வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளுக்கு வரும் தமிழ் இரசிகருக்கு இஃது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றலாம். ஆனால் கொழும்புத் தமிழர் தம் இசையுணர்வை வளர்த்த இரு வழிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்று வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் பாடலை ஒலிபரப்புகையிற் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்வதை வழக்கமாக்கினர். முகமறியாக் குரலுக்கு அங்கே பெயர் கிடைத்தது. மற்றொன்று தமிழகத்திலிருந்து வந்த 'பேசும் படம்', 'பொம்மை' முதலிய சினிமாச் சஞ்சிகைகள். ரி.எம். சௌந்தரராசனின் குரலை நாடெங்கும் கேட்டனர். அக்குரலுக்குரிய முகமாக அட்டையில் விற்கப்பட்டவையோ எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோரின் முகங்கள். ஒரே தொண்டைக்கு இரு முகங்கள், அவ்விரண்டும் பிறருடையவை! வணிகம் இதனை மோசடி எனக் கருதவில்லை, இரசிகரும் கருதவில்லை. குரலுக்குரியவர் இழந்தது என்ன என்று கேட்பார் இலர்.

கருநாடக இசைக்கெனச் சென்னையில் 1983இல் என். பட்டாபிராமன் தொடங்கிய 'ஸ்ருதி' கலைஞரையே முகப்பில் நிறுத்திய இதழ். ஆனால் அஃது ஆங்கிலத்தில் வெளிவந்தது. முகப்பிலுள்ள முகம் அழைத்தாலும், மொழி வாயிலில் நின்று ஆளைத் தெரிவு செய்தது. கோயில் வீதியிலே விடியும்வரை நின்று தவில் கேட்ட யாழ்ப்பாணத்து உழவருக்கு எந்தச் சஞ்சிகையும் தன் முகப்பால் வலைவீசவில்லை. அவர் எவருடைய இலக்கும் அல்லர். எனினும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933-1975) தவிலைத் தமிழகத்துக் கலைஞரும் வியக்கும் நிலைக்கு உயர்த்திய சபை, இவ்வாறு அட்டைகளால் அழைக்கப்படாதோரின் சபையே. விற்பனைக் கணக்கில் வராதோரின் இரசனை தாழ்ந்ததென எண்ணுவோர் இதற்கு விடை கூறல் வேண்டும்.

இனி, ஈர்த்தலே பிழையோ எனின், அன்று. எவரையும் ஈர்க்காத சஞ்சிகை இரண்டாம் இதழோடு மறையும்; அதனால் எவருக்கும் நன்மையில்லை. ஈர்க்கும் முகம் வாசகர் ஏற்கெனவே விரும்புவதா, விரும்பக் கற்க வேண்டியதா என்பதே வேறுபாடு. முன்னையது விற்கும், பின்னையதற்கு ஆசிரியர் பொறுப்பேற்றல் வேண்டும். 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' இசைச் சஞ்சிகையன்று. ஆயினும் இவ்வினாவுக்கு அது செயலால் விடை தந்தது. 1970களின் தொடக்கத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்குள்ள இதழ்கள் சினிமா முகங்களை அச்சிட்டே அவ்வெற்றிடத்தை எளிதில் நிரப்பியிருக்கலாம். 'மல்லிகை' தன் அட்டையில் ஈழத்து எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் உருவங்களை வெளியிட்டு, அவர்களைப் பற்றிய கட்டுரையையும் உள்ளே தந்தது. அக்கட்டுரைகள் பின்னர் 'அட்டைப்பட ஓவியங்கள்' என்ற நூலாயின. அம்முகங்களுட் பல வாசகருக்குப் பழக்கமற்றவை. வண்ணமும் கவர்ச்சியும் குறைந்தவை. பிற்காலத்திற் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்விதழ் வாழ்ந்தது. சிகை அலங்கரிப்பு நிலையத்தையே அலுவலகமாகக் கொண்டிருந்த ஜீவா, பிரதிகளைக் கையிலேந்தித் தாமே நடந்து விற்றார். அட்டையில் உள்ளவர் யார் என்று வாங்குபவர் கேட்கலாம். விடை சொல்லக் கடமைப்பட்டவர் எதிரிலேயே நின்றார்.